நீதிபதி வராத ஆண்டு விழா

நடப்பதை நாளோடு குறித்து வைப்பது என் பழக்கம். அந்த ஒரு வாரத்தை எழுதுகையில் மட்டும் அருவருப்பாக இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பிரதம விருந்தினராகக் கேட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நானும் தலைவரும் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னோம். நேரில் போய்ச் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு பேச்சு மாறுவதில்லை. தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். திரும்பும் வழியெல்லாம் நீதிபதியின் துணிவைப் புகழ்ந்தார். இராணுவம் கொண்டுபோன பிள்ளைகளின் வழக்குகளை அந்த நீதிபதி கிடப்பிலிருந்து எடுத்திருந்தார். ஓர் இராணுவ அதிகாரி வழக்கின் அடுத்த தவணைக்கு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று கட்டளையும் இட்டிருந்தார். அது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவின் மகனுடைய வழக்கு.

செவ்வாய்க்கிழமை பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் அவரை நாட்டுக்கு எதிரி என்றார். வியாழன் பின்னேரம் நீதிபதிக்கு இடமாற்றம் வந்தது.

வெள்ளிக்கிழமை தலைவர் நிர்வாகக் குழுவிலிருந்த எங்களைக் கூப்பிட்டு, என்னிடம் சொன்னார்.

"தம்பி, நீதிபதிக்குப் போன் எடுத்து விழா பிற்போட்டாச்செண்டு சொல்லும்."

"விழா நாளைக்கெல்லோ சேர்?"

"ஓம். அதை அவருக்கு ஆர் சொல்லப்போறது?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நேரிலை போய்க் கேட்டனாங்கள். வேண்டாமெண்டும் நேரிலை போய்ச் சொல்லுங்கோ," என்றேன்.

"உமக்கென்ன, தனிக்கட்டை. என்ரை மகன் கச்சேரியிலை அரசாங்க வேலை செய்யிறான்."

கடைசியில் அவரே போன் எடுத்தார். "ஐயாவுக்கு இந்த நேரம் கரைச்சல் தரக்கூடாதெண்டுதான்..." அவர் குழைந்து முடிக்கும் முன்பே நான் எழுந்து வெளியே வந்தேன்.

சனிக்கிழமை அக்கா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் இருந்தார். நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது, இங்கேயாவது நீதிபதிக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று வந்திருந்தார். மேடைக்கு வந்தவரோ அந்தப் பாராளுமன்ற உறுப்பினரின் கட்சி அமைப்பாளர். தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"நீதிபதி ஐயா வரேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"அவருக்குச் சுகமில்லை, பிள்ளை. இருங்கோ, வடை தருவினம்," என்றார் தலைவர்.

"பொய், அக்கா," என்றேன் நான். "வரவேண்டாமெண்டு நாங்கள்தான் சொன்னனாங்கள். அவரை மாத்திப்போட்டாங்கள்."

அக்கா தலைவரைப் பார்க்கவேயில்லை. "அப்ப என்ரை பிள்ளையின்ரை வழக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த தவணைக்கு அவரோடு நானும் போனேன். அதிகாரி வரவில்லை. ஏன் வரவில்லை என்று புதிய நீதிபதி கேட்கவும் இல்லை.