ரிசீவரில் ஒரு தட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தேன். அடுத்த தெருவிலேயே வீடு. நான், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், அவ்வளவுதான் குடும்பம். வாய் ஓயாமல் பேசுகிற ஆள் நான். பேசாத நேரத்தில் அந்த வாயில் புகையிலை இருக்கும். கன்னத்துக்குள் ஆறாமல் கிடந்த புண்ணைக் காட்டப் போனபோது புற்றுநோய் என்றார்கள். கன்னத்தையும் நாக்கில் ஒரு பகுதியையும் எடுத்து, நெஞ்சுச் சதையை வைத்துத் தைத்து, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாயும் விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். என்றைக்கோ எழுதிப் போட்டிருந்த டெலிபோன் கனெக்‌ஷன் சரியாக அந்த வாரம் வந்து சேர்ந்தது. ‘வாய் இருந்தப்ப போன் இல்ல, போன் வந்தப்ப வாய் இல்ல’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். மனைவி சிரிக்கவில்லை.

சாப்பாடு முழுக்கக் குழாய் வழியாகத்தான். பால், பருப்புத் தண்ணீர், ராகிக் கஞ்சி எல்லாவற்றையும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைக் குழாயில் செருகி, உயரப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாகப் போனால் எதுக்களித்துப் புரையேறிவிடும். எடை இறங்கிக்கொண்டே போனால் கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்க முடியாது, கரண்ட் வைக்காவிட்டால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். ஆனால் என் எடை இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குக் காரணம் நானே. மத்தியானங்களில் மனைவி பட்டறையைப் பார்க்கப் போய்விடுவாள். பிளாஸ்க்கில் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். அதை நான் வாஷ்பேசினில் ஊற்றிவிடுவேன். சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஏற்கெனவே செத்தாயிற்று, இனி எதற்கு மெனக்கெட வேண்டும் என்றுதான் தோன்றியது.

அப்படித் தோன்றும்படிதான் வீடும் இருந்தது. வாசம் வந்தால் எனக்கு ஏக்கமாகிவிடும் என்று தாளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மனைவியும் மகளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டம்ளர் சத்தம்கூடக் கேட்காமல் சாப்பிட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் மகள் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தாள். எல்லாவற்றையும்விட, எங்கள் ஊரில் எதிரில் வருகிறவரிடம் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டே, “சாப்டீங்களா?” என்று, அதை என்னிடம் யாரும் கேட்கக் கூடாது என்று வாசலிலேயே எச்சரித்துத்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். வந்தவர்கள் என் காலருகே பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். செத்தவனைக்கூட அமாவாசைக்கு இலை போட்டுச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். எனக்கு அதுவும் இல்லை.

அப்படி ஒரு மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கிற நேரம். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. போன் அடித்தது. பேச முடியாதவன் எதற்கு எடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். நின்றது, மறுபடி அடித்தது. எரிச்சலில் எடுத்துக் காதில் வைத்தேன்.

“ஏனுங்க, சாப்டீங்களா?”

வயதான பெண் குரல். எனக்குத் தெரியாத குரல். ஆனால் தினமும் பழகுகிறவர்போலக் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. பதறிப்போய், நகத்தால் ரிசீவரில் ஒரு தட்டு தட்டினேன். “செரிங்க. கொள்ளு ரசம் வெச்சிருந்தனுங்க, மிச்சம் வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ராங் நம்பர் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அதே உச்சி வேளையில் அதே குரல். அதற்கு மறுநாளும். தட்டினால் திருப்தியாக வைத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி எடுத்தாள். யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது என்று சொல்லிக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என்னிடம் மட்டும் பேசுகிற அந்தக் குரல் வெளியிலிருந்துதான் வருகிறதா, என் தலைக்குள்ளிருந்து வருகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், கஞ்சியைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது போன் அடித்தது. “ஏனுங்க, சாப்டீங்களா?” எடுத்த விரல் தட்ட மறுத்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

பிறகு குரல் தணிந்து வந்தது. “இன்னும் சாப்புடலீங்களா? செரி, சாப்புட்டுப்போட்டு வாங்க. நா லைன்லயே இருக்கறனுங்க.”

பிளாஸ்க்கின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. எடுத்துவந்து போன் பக்கத்தில் உட்கார்ந்து, ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு சிரிஞ்சில் ஊற்றினேன். பயத்தில் அவசரப்பட்டு வேகமாக விட்டேன். மடியிலிருந்து குரல் கேட்டது. “மெதுவா, மெதுவாங்க. பொரையேறிப் போகும்.”

சட்டென்று சிரிஞ்சைத் தாழ்த்திப் பிடித்தேன். குழாயில் கஞ்சி இறங்குகிற சத்தம் எனக்கே கேட்காது. அவருக்கு எப்படிக் கேட்டது? மூடியிருந்த கண்ணாடியை, சாத்தியிருந்த கதவை எல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மீதியையும் மெதுவாக ஊற்றி, தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, ரிசீவரை எடுத்துத் தட்டினேன். அவர் அங்கேயே இருந்தார். “செரிங்க” என்றார்.

அன்றிலிருந்து நான் கஞ்சியைக் கொட்டவில்லை. போன் வருவதற்குள் ஊற்றி முடித்துத் தயாராக இருப்பேன். ஒரு நாள் சிலேட்டில் ‘கொள்ளுத் தண்ணி வேணும்’ என்று எழுதினேன். மனைவி அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எடை இறங்குவது நின்றது, பிறகு கொஞ்சம் ஏறியது. டாக்டர் கரண்ட் வைக்க நாள் குறித்துக் கொடுத்தார்.

அதன்பின் ஒரு மாலை வேறு ஒருவர் போன் செய்தார். மனைவி எடுத்தாள். நானும் ரிசீவரருகே காதைக் கொண்டுபோனேன். “இது எங்கப்பா கடையோட பழைய நம்பருங்க. அப்பா தவறுனதும் போன் கனெக்சனத் திருப்பிக் குடுத்துப்போட்டோம். எங்கம்மா தெனமும் மத்தியானம் இந்த நம்பர அடிக்கறாங்க. அப்பா சாப்புட்டுட்டாருன்னு சொல்றாங்க. எங்களுக்குப் பயமா இருக்குதுங்க. அங்க யாருங்க பேசறது?” மனைவி ரிசீவரைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு என் நிலைமையைச் சொன்னாள். பேச முடியாதுங்க, தட்டுவாருங்க, அவ்வளவுதான் என்றாள். அதற்கு அந்த மகன் சொன்னார்: “எங்கப்பாவும் போன்ல பேசவே மாட்டாருங்க. கையில வேலையா இருப்பாரு. சாப்டாச்சுன்னா ரிசீவர்ல ஒரு தட்டு, அவ்ளோதான்.”

இனிமேல் அம்மா கூப்பிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதும், நான் பாய்ந்து சிலேட்டில் ‘நிறுத்த வேண்டாம்னு சொல்லு’ என்று எழுதினேன். அம்மாவிடம் எதுவும் சொல்வதில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

கரண்ட் வைத்த நாட்களில் வாய் வெந்து, தொண்டை வறண்டு, குழாயைப் பார்த்தாலே குமட்டியது. ஆனாலும் உச்சி வேளை வந்தால் சிரிஞ்சை எடுத்துவிடுவேன். இறந்துபோனவர் சாப்பாட்டை நான் சாப்பிடுகிறேனா, என் சாப்பாட்டை அவர் சாப்பிடுகிறாரா என்று சில நாட்கள் குழம்பியதுண்டு. எப்படியோ, உடம்பு என்னுடையதுதான் தேறியது. மூக்குக் குழாயை எடுத்தார்கள். குழைந்த கஞ்சியை வாயால் விழுங்கப் பழகினேன். ஒரு நாள் ஒன்றிரண்டு சொற்கள் குளறலாக வந்தன.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. இனி பேச முடியும். ஆனால் பேசினால் அந்த அம்மாவுக்கு அவர் கணவர் மறுபடி இல்லாமல் போய்விடுவார். தட்டுவதென்றே முடிவு செய்து எடுத்தேன்.

இந்த முறை “ஏனுங்க” வரவில்லை.

“கண்ணு, வாயில சாப்புட்டயா?”

ஏனுங்க என்பது அவர் தன் கணவரைக் கூப்பிடுவது. கண்ணு என்பது பிள்ளையை. விரல் அப்படியே நின்றுவிட்டது. “ஆப்புத்தங்மா” என்றேன். சாப்பிட்டேங்கம்மா என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவருக்குப் புரிந்தது. “செரி கண்ணு. அப்ப நா வெச்சுடறன்” என்றார். அதன்பின் அவர் கூப்பிடவே இல்லை.

அந்த மகனிடம் என் மனைவி பிறகு கேட்டுப் பார்த்தாள். அம்மா நன்றாக இருக்கிறார்கள், தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போதும் யாராவது மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பார்க்கப் போகிறேன். முகத்துக்கு நேராகப் பார்த்து, முதல் வார்த்தையாக “சாப்டீங்களா?” என்றுதான் கேட்பேன். சுற்றியிருப்பவர்கள் என்னை முறைப்பார்கள், முறைக்கட்டும். செத்துப்போன ஒருவருக்காகக் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்விதான் என்னை உயிரோடு இருப்பவர்கள் பக்கம் திருப்பிக் கொண்டுவந்தது.