பொரித்த எண்ணெய் போன இடம்

அலெக்சாந்திரியாவின் கர்மூஸ் பகுதியில் நபவிய்யா ஏறாத மாடிப்படி கிடையாது. நான்கு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. மீனும் கத்தரிக்காயும் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை வீடு வீடாக வாங்கி, டின்னில் ஊற்றிக்கொண்டு இறங்குவாள். டின் நிறையக் கொடுத்த வீட்டுக்கு நான்கு கட்டி சோப்பு. எண்ணெய் ‘தவ்ரா’ என்ற சின்ன கம்பெனிக்குப் போகும். தவ்ரா என்றால் சுழற்சி. அங்கிருந்து அது கப்பலேறி, லாரி ஓட்டும் எரிபொருளாக மாறும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் அதைச் சும்மா வாங்கவில்லை, ‘கொட்டி வீணாக்காதீங்க, திரும்பப் பயன்படும்’ என்று வாதாடி வாங்கினாள். முன்பெல்லாம் எல்லோரும் அந்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே கொட்டினார்கள். அது குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். மழை வந்தால் கீழ்வீட்டுக் கழிப்பறை வழியாகப் பொங்கும். கீழ்வீடு நபவிய்யாவுடையது. கணுக்கால் மூழ்கும் மலத்தண்ணீரில் நின்று படுக்கையைத் தூக்கிக் காப்பாற்றியவள் அவள். அதனால் தவ்ராவை ஆரம்பித்த ஹாத்திம் வேலைக்குக் கூப்பிட்டபோது, “இனிமே எங்க வீட்டுல பொங்காதில்ல தம்பி?” என்று மட்டும்தான் கேட்டாள். பொங்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவனை முழுசாக நம்பினாள்.

ரம்ஜானுக்கு முந்தின வாரம் டின் எடுக்கும் வண்டி வரவில்லை. மூன்று நாளாக வாசலில் எண்ணெய் நாறியது. நான்காம் நாள் காலை அவளே ஒரு ஆட்டோ பிடித்து, டின்களை ஏற்றிக்கொண்டு ஊரோரக் கிடங்குக்குப் போனாள். முன்பக்கம் சுவரெல்லாம் பச்சை இலை வரைந்து அழகாக இருந்தது. ஆள் இல்லை. பின்பக்கம் பேச்சுக்குரல் கேட்கவே, தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள்.

பெரிய பீப்பாயில் கறுப்பு எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அதில் ஏதோ வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கிளறினான். இன்னொருவன் அழுக்குத் தலையணை உறையில் ஊற்றி வடிகட்டினான். உறையின் அடியில் கரப்பான்பூச்சிகளும், மீன் செதிலும், வாலோடு ஒரு எலிக்குஞ்சும் தங்கியிருந்தன. வடிந்த எண்ணெய் மட்டும் பொன் நிறத்தில் பளபளத்தது. அதைப் புதுப் பாட்டில்களில் நிரப்பிப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருந்த ஆளை நபவிய்யாவுக்குத் தெரியும். ஜனாத்தி. அவள் தெருமுனையில் தாமிய்யா வடை போடும் அரஃபாவின் கடைக்கு எண்ணெய் கொண்டுவந்து இறக்குபவன்.

அன்று காலையில்தான் அந்தக் கடை வடை இரண்டைத் தின்றுவிட்டு வந்திருந்தாள். அங்கேயே குனிந்து வாந்தியெடுத்தாள்.

சத்தம் கேட்டு ஹாத்திம் வந்தான். “என்னக்கா, உடம்புக்கு முடியலையா? தண்ணி தரட்டுமா?”

“இது கப்பலுக்குப் போறதில்லையா?”

“போகுதுக்கா, கொஞ்சம் போகுது. கப்பல்காரன் மூணு மாசம் இழுத்தடிக்கிறான். கடைக்காரன் உடனே எடுத்துக்கிறான். எதையும் வீணாக்கக் கூடாது, திரும்பத் திரும்பப் பயன்படுத்தணும்னு படியேறிச் சொன்னதே நீங்கதானே?”

“உங்க வீட்டுல இதுலதான் பொரிக்கிறாங்களா?”

ஹாத்திம் சிரித்தான். “நாங்க ஆலிவ் எண்ணெய்தான்கா.”

எலிக்குஞ்சைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது. “த்தூ! நீயெல்லாம் மனுஷனாடா?” என்று இலைப் படத்தின் மேலேயே துப்பிவிட்டு வெளியே வந்தாள். அங்கிருந்து நேராகச் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் அவள் கணவன் ரகப், டிராம் பணிமனைக்காரன், தலையைச் சொறிந்தான். “இருபது வருஷமா அரஃபா கடையிலதான் திங்கிறேன். இப்பப் போய்ச் செத்துடவா போறேன்? பேசாம இருடி.”

அவள் பேசாமல் இருக்கவில்லை. எண்ணெய் வாங்கிய எல்லாப் படியும் மறுபடி ஏறி, நடந்ததைச் சொன்னாள். அவள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கும் துஹா கதவைப் பாதி திறந்தபடி கத்தினாள்: “எங்க சட்டியில இருந்து வாங்கி எங்க பிள்ளைங்க வாயிலயே ஊத்தியிருக்கே! இதுக்குத்தான் சோப்பு குடுத்தியா?” முதல் இரண்டு வீட்டில் “எனக்குத் தெரியாது” என்று சொல்லிப் பார்த்திருந்தாள் நபவிய்யா. சொல்லும்போதே அது தன் வாயிலேயே நாறுவதுபோல் இருந்தது. அதற்கப்புறம் அதைச் சொல்லவில்லை. திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதிகாரிகள் வந்து கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். அரஃபாவும் கடையை மூடினான். இருபதாம் நாள் சீல் போய், வேறு பெயரில் புதுப் பலகை வந்தது. அதிலும் ஹாத்திம் இலை வரைந்திருந்தான். அரஃபாவின் சட்டி மறுபடி புகைந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவள் போய்ச் சொன்ன வீட்டுக்காரர்கள்தான். அதைப் பார்த்தபோது, யார்மேல் அருவருப்படைவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

நபவிய்யா வாங்குவதை விட்டுவிட்டதால் எண்ணெய் பழையபடி தொட்டியில் விழுந்தது. அடுத்த மழைக்குக் கழிப்பறை பொங்கியது. வாளியும் கையுமாக அவள் அள்ளிக்கொண்டிருந்தபோது துஹா இறங்கி வந்தாள். வாசலில் நின்று மூக்கைப் பொத்தினாள். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டுப் பாவாடையைச் செருகிக்கொண்டாள்.

“என் எண்ணெயும் இதுல இருக்கு. இன்னொரு வாளி குடு.”

அள்ளி முடித்த பிறகு துஹாவே கேட்டாள்: “நான் கல்யாணத்துக்கு முன்னாடி சோப்பு ஆலையில வேலை பார்த்தவ. காஸ்டிக் சோடா வாங்கிப் போட்டா நாமளே காய்ச்சலாம். செய்வமா?”

“மாடியிலதான் காய்ச்சணும். எண்ணெய் குடுத்தவங்க வந்து கண்ணால பார்க்கணும். ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. சம்மதம்னா சொல்லு.”

முன்பு எண்ணெய் கொடுத்த எழுபது வீட்டில் ஒன்பது வீடுதான் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஒன்பது பெண்களும் மொட்டைமாடியில் நின்று, தங்கள் எண்ணெய் சோப்பாக இறுகும்வரை சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நபவிய்யாவும் அதைத்தான் விரும்புகிறாள். அரஃபாவின் கடையைத் தாண்டும்போது இன்றும் தெருவின் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறாள். வெளியில் ஒரு வாய் தின்பதில்லை.

அவர்கள் சோப்பு பழுப்பாக, கோணல்மாணலாக இருக்கும். சலவைக்கடைக்காரன் ஒருவன்தான் வாங்குகிறான். போன வாரம் ஒரு கட்டியை முகர்ந்துவிட்டு, “என்னக்கா, லேசா மீன் வாசனை அடிக்குதே?” என்றான்.

“அடிக்கட்டும்,” என்றாள் நபவிய்யா. “எதுல இருந்து வந்துச்சுன்னு தெரியட்டும்.”