கட்டைகள் மட்டும் ஏறிப்போன ரயில்

இளம்பிள்ளை வாதத்தில் என் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கும்மிடிப்பூண்டி ஃபேக்டரி ஒன்றில் பேக்கிங் வேலை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் பிளாட்பாரம் தரையோடு தரை. ரயில் படியோ என் இடுப்புக்கு மேல். தினமும் கக்கத்துக் கட்டைகளை முதலில் உள்ளே எறிவேன், பிறகு கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறுவேன்.

"இரும்மா, நீ ஏறினப்புறம் கொடி காட்டறேன்" என்று கார்டு ஒருநாள் சொன்னார்.

"வேணாம் சார், நானே ஏறிக்கிறேன்" என்றேன். நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கட்டைகளை உள்ளே எறிந்தேன். கம்பியைப் பிடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது. கை வழுக்கி விழுந்தேன். ஒரு முழத் தூரத்தில் சக்கரங்கள். பறந்த முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

வண்டி போனது, கட்டைகளும் போயின. லெவல் கிராசிங் கேட் வரை சேற்றில் தவழ்ந்தேன்.

"இன்னா தங்கச்சி, ஒரு குரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேனே!" என்று கேட்கீப்பர் அண்ணன் பதறினார். வாய் இருந்தும் கத்த எனக்குத் தோன்றவில்லை.

பிளாட்பாரத்தை உயர்த்தச் சொல்லி, என்னைப்போன்ற இன்னும் மூன்று பேரோடு இரண்டு மனு போட்டாகிவிட்டது. பதில் இல்லை. மூன்றாவதும் எழுதுகிறோம். அதுவரை தினமும், புதிதாக வாங்கிய கட்டைகளை எறியும் முன்பு, மொத்த ரயிலும் திரும்பிப் பார்க்கக் கத்துகிறேன்: "கார்டு சார், நான் இன்னும் கீழதான் கீறேன்!"