மிக்ஸி போட்டால் அணைகிற வீடு

காளியாயிக்கு இரண்டு வீடுகள். ஒன்று ஸ்ரீரங்கம் மேலூரில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. இன்னொன்று அந்த வீட்டு வாசலில், சக்கரங்களின் மேல் நிற்கிறது.

சக்கரத்து வீடு ஒரு காலத்தில் டிராக்டர் டிரெய்லராக இருந்தது. அரியமங்கலம் பட்டறையில் அதன்மேல் தகரத்தால் ஒரு பெட்டி எழுப்பி, ஜன்னல் வைத்து, உள்ளே படுக்கப் பலகைகளும் சமையல் மேடையும் போட்டார்கள். மூலையில் ஒரு சின்னக் குளியலறை. கூரையில் சோலார் தகடு. வெளிப்பக்கம், இரும்புக் கூண்டுக்குள் பேட்டரியும் இன்வெர்ட்டரும்.

அவள் கணவர் வீரமலை நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். சீசன் தொடங்கினால் லால்குடியில் இறங்குகிற இயந்திரம் திருவையாறு, பாபநாசம், மன்னார்குடி என்று போய்க்கொண்டே இருக்கும். கூடவே டிரைவர்களும் ஆட்களும் போவார்கள். கிடைத்த இடத்தில் தூங்குவார்கள், கிடைத்ததைத் தின்பார்கள். ஒரே மகள் தேவதர்ஷினி இன்ஜினியரிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன வருஷம், காளியாயி சொன்னாள்:

"நானும் வரேன்."

"வயக்காட்டுல நீ எங்க இருப்ப?"

"நீங்க எங்க இருக்கீங்களோ அங்க. எனக்குக் கதவும் தாழ்ப்பாளும் வெச்ச ஒரு மறைப்பு மட்டும் போட்டுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறைப்பு கேட்டவளுக்கு வீரமலை வீட்டையே கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு வேளாவேளைக்குச் சூடான சோறு. இட்லி என்றால் சட்னி, மத்தியானம் என்றால் அரைத்துவிட்ட குழம்பு. பொடி போட்டுச் சமைத்தால் காளியாயிக்குச் சமைத்த மாதிரியே இருக்காது. அதனால் மேடையில் மிக்ஸிதான் பிரதானம். ஊர்ப் பெண்கள் அதிசயமாய் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"வீட்டையே இழுத்துக்கிட்டு வந்துட்டீங்களேக்கா!"

"ஆமா. மாமியாரை மட்டும் ஏத்தல."

போன ஆவணியில் வீரமலை இறந்தார். மாரடைப்பு. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தேவதர்ஷினிக்கு ஒசூரில் வேலை. இன்வெர்ட்டர் செய்கிற கம்பெனி ஒன்றில் பரிசோதனைப் பிரிவு. காரியம் முடிந்ததும் போனவள், தையில் லீவு போட்டுத் திரும்பி வந்தாள். அம்மாவைக் கையோடு ஒசூருக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்திருந்தாள். சாமான் கட்ட அட்டைப் பெட்டிகள்கூட வாங்கி வந்திருந்தாள்.

ஆனால் அவளுக்கு முன்னால் அருள்ராஜ் வந்துவிட்டிருந்தான். வீரமலைக்குக் கீழே பல வருஷம் இரண்டாவது டிரைவராக இருந்தவன். இப்போது இயந்திரம் அவன் கையில்.

"சம்பா அறுப்பு ஆரம்பிச்சாச்சு அண்ணி. வெள்ளிக்கிழமை கிளம்பறோம். வரீங்களா?"

"வரேன்," என்றிருந்தாள் காளியாயி.

தேவதர்ஷினி குதித்தாள். "என்னம்மா பேசற? அப்பா இருந்தப்ப சரி. இப்ப யாரை நம்பிப் போற?"

"அருளு இருக்கான். அஞ்சு பேரும் நான் வடிச்ச சோத்தைத் தின்னு வளர்ந்தவனுங்க."

"ராத்திரி மெஷின் ஓட்டப் போயிடுவாங்க. நீ தனியாக் கெடப்ப."

"இங்க மட்டும் என்ன, ஊரா கூடிக் கெடக்கு? இந்த வீட்ல எனக்குத் தூக்கமே வரல தேவி. செவுரு அசைய மாட்டேங்குது."

தேவதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவள் கையில் வேறு ஒரு துருப்பு இருந்தது. வண்டிவீட்டுக்கு உடம்பு சரியில்லை. பல்பு எரியும், ஃபேன் சுற்றும். மிக்ஸியைப் போட்டால் இன்வெர்ட்டர் ஒரு கத்துக் கத்திவிட்டு அணைந்துபோகும். அத்துடன் பல்பும் ஃபேனும் சேர்ந்து அணையும். தீபாவளி சமயத்தில் கூட்டிப் பெருக்கி, சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தபோதுதான் காளியாயிக்கே தெரிந்தது.

"திடீர்னு இருட்டாகற வண்டியில, நடு வயல்ல உன்னை விட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி ஆச்சுன்னா நீ போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆகலைன்னா எங்கூட ஒசூர். சம்மதமா?"

"பாக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப சம்மதம்," என்றாள் காளியாயி. மகளின் படிப்பின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் தேவதர்ஷினியை உறுத்தியது.

முதல் சந்தேகம் பேட்டரி மேல். சொல்லி அனுப்பியதும் அரியமங்கலத்திலிருந்து பரக்கத் அலி தன் பழைய மொபெட்டிலேயே வந்துவிட்டார். பேட்டரி விற்றவர் அவர்தான். வீரமலையின் சிநேகிதர். வண்டிவீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இந்த ஒயரிங் போடுறப்ப என்னை ஒரு முடிச்சுப் போட விடலம்மா உங்கப்பா. 'பாய், நீங்க டீ குடிங்க'ன்னு உக்கார வெச்சுட்டார்."

பிறகு கூண்டைத் திறந்தார். பேட்டரியின் தலையில் இரண்டு முனைகளிலும் சந்தனம், குங்குமம். எந்த வண்டி பேட்டரியில் அது இல்லை? பரக்கத் அலி தன் டெஸ்டரின் பல்லிடுக்கிகளை முனைகளின் உச்சியில் கவ்வவிட்டு பொத்தானை அமுக்கினார். டெஸ்டர் சூடாகி வாடை வந்தது. ஆனால் முள் கீழே இறங்கவில்லை.

"பேட்டரி நல்ல திடமா இருக்கும்மா. இன்னும் ரெண்டு வருஷம் ஓடும், இன்ஷா அல்லாஹ்."

"மாத்திடலாமே பாய். எதுக்கும் புதுசு ஒண்ணு…"

"நல்ல பேட்டரியைப் பிடுங்கிட்டு நான் யாவாரம் பண்ணவா? நோவு வேற எங்கயோ இருக்கு. தேடுங்க." டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கூலி வாங்கவில்லை. காளியாயி ஒரு சீப்பு பூவன் பழத்தை மொபெட்டில் மாட்டிவிட்டாள்.

அடுத்து இன்வெர்ட்டர். தேவதர்ஷினி பக்கத்து வீட்டுக் காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, அதன் பேட்டரியில் இன்வெர்ட்டரைக் கோத்து மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸி அலறிக்கொண்டு ஓடியது. அப்படியானால் இன்வெர்ட்டரும் நன்றாகவே இருக்கிறது.

மிச்சம் இருப்பது இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போகிற வழி. பல்புக்கும் ஃபேனுக்கும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போதும். மிக்ஸிக்குக் குடம் குடமாக வேண்டும். குழாயில் அடைப்பு இருந்தால் சொட்டு வரும், குடம் நிறையாது. இங்கே எங்கோ ஒரு இணைப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. மிக்ஸி ஓடுகிற அந்த ஓரிரு விநாடிக்குள் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பு என்றால் மீட்டர் சும்மா இருக்கும். கெட்ட இணைப்பு என்றால் வோல்ட் காட்டும்.

காளியாயி உள்ளே மிக்ஸியருகே நின்றாள். மகள் வெளியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"போடும்மா!"

கிர்ரென்றது. கத்தியது. அணைந்தது.

"நிறுத்து. மறுபடி."

இன்வெர்ட்டரின் வாயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தாள். ஸ்விட்ச், ஃபியூஸ், கேபிள், ஒவ்வொரு முனையிலும் அப்பா அழுத்திப் பொருத்திய செம்பு வளையம். வளையத்தின் கழுத்தில் கறுப்பு உறை. உறை கிழிந்த இடம் ஒன்றுகூட இல்லை. கம்பி தகரத்தில் உரசக்கூடிய இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். எங்கே வைத்தாலும் மீட்டர் சும்மா இருந்தது.

ஆவணியிலிருந்து அப்பாவின் சட்டைகளை அவள் தொடவில்லை. போட்டோவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இப்போது அவர் போட்ட ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை, வேலை அப்படி. கொஞ்ச நேரத்தில், பழுது தேடுகிறோம் என்பதையே மறந்து, அடுத்ததும் நன்றாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு முனையை வைத்தாள். அடுத்ததும் நன்றாகவே இருந்தது.

"என்னாடி சத்தத்தைக் காணோம்?"

"ஒண்ணுமில்ல. போடு."

கடைசியில் பேட்டரிக்கே வந்துவிட்டாள். அதுவரை மீட்டரின் ஒரு முனையை, வசதியாக இருக்கிறதென்று, பேட்டரிக் கவ்வியின் போல்ட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்றைக் கவ்வியிலும், மற்றொன்றை அதற்கு நடுவே எட்டிப் பார்க்கிற ஈய முனையின் உச்சியிலும் வைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற உலோகங்கள். நடுவே ஒன்றும் இருக்க முடியாது.

"போடும்மா."

மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது.

பழுது இதுதான். உள்ளேயிருந்து அம்மாவால் பார்க்க முடியாது. 'உள் வயரிங் மொத்தமாப் போயிடுச்சும்மா, மாத்தவே ஒரு மாசம் ஆகும்' என்றால் போதும். அம்மா நம்புவாள். அட்டைப் பெட்டிகள் கூடத்தில் தயாராக இருக்கின்றன. ஆனால் அப்படிச் சொன்னால், சற்றுமுன் தடவிப் பார்த்த அத்தனை முடிச்சையும் கெட்டது என்று சொன்னதாகிவிடும்.

"இன்னும் போடணுமா?" என்று குரல் வந்தது. "கை வலிக்குதுடி."

"வேணாம்மா. கெடச்சிருச்சு. இங்க வா."

கவ்வியைக் கழற்றினாள். முனையைச் சுற்றி மஞ்சளாக ஒரு ஓடு, சுண்ணாம்புக் காரை போல இறுகி, ஓரத்தில் பச்சைப் பூ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"சந்தனம்."

"மேல வெச்சதுதானே?"

"மேல இல்லம்மா, உள்ள. கவ்வியைக் கழட்டி, முனைக்கே சந்தனம் பூசி, அதுக்கு மேல கவ்வியை மாட்டியிருக்காங்க. காஞ்சு ஓடா நிக்குது. அப்பா இப்படியா செய்வாரு?"

"அவரு கழட்டுவாரு. வெந்நீர் ஊத்திக் கழுவுவாரு, துடைப்பாரு, மாட்டி முடுக்குவாரு. அப்பறம்தான் மேல பொட்டு." காளியாயி நிறுத்தினாள். "இந்த ஆயுத பூஜைக்கு நாம தொடலையேடி. ஒரு வருஷத்துக்கு நமக்குப் பண்டிகை கிடையாது. அவரு வண்டி பொட்டில்லாம நிக்கக் கூடாதுன்னு அருளுதான் வந்து செஞ்சான். நான் உள்ள உக்காந்திருந்தேன். வெளிய வரவே இல்ல."

அருள்ராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் கையால் ஆயுத பூஜை.

சாயங்காலம் இழுவை டிராக்டரோடு அவனே வந்துவிட்டான். அதற்குள் தேவதர்ஷினி இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, கவ்விகளை மாட்டி முடுக்கி, வாஸலின் பூசியிருந்தாள். உள்ளே மிக்ஸி நின்று நிதானமாக ஓடியது. தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைபட்டன.

"ஓடுதே! என்ன பாப்பா கோளாறு?"

"கவ்வியில கான்டாக்ட் இல்ல சித்தப்பா." அதோடு விட்டுவிட நினைத்தாள். ஆனால் அருள்ராஜ் கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்துப் புரட்டினான். மஞ்சளாக இருந்தது. அவன் முகம் மாறியது.

"நான் வெச்ச சந்தனமா?"

காளியாயி வாசலுக்கு வந்தாள். "ஏண்டா, பொட்டு வைடான்னா முழுக்காட்டு நடத்தியிருக்க?"

"அண்ணன் கழட்டிக் கழுவினதைப் பாத்திருக்கேன் அண்ணி. எந்த நேரத்துல சந்தனம் வெச்சார்னு கவனிக்கல. கொறை வெச்சிடக் கூடாதேன்னு சுத்திச் சுத்திப் பூசிட்டேன்."

"அதுல இன்வெர்ட்டருக்கே மூச்சு முட்டிருச்சு."

"அண்ணன் இருந்தா என் மண்டையில ஒண்ணு வெச்சிருப்பாரு."

"ஒண்ணா? ஸ்பேனரை எடுத்திருப்பாரு."

மூவரும் சிரித்தார்கள். அந்த வாசலில் ஆவணிக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு. அருள்ராஜ் மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிரு பாப்பா," என்றான்.

"எதுக்கு சித்தப்பா? நாங்க தொடக் கூடாதுன்னு ஒதுங்கி இருந்தோம். நீங்க வந்து தொட்டீங்க. எனக்குத்தான் நன்றி சொல்ல வார்த்தை வரல."

அவன் டிராக்டர் கொக்கியைப் போய்ப் பார்த்தான்.

அன்றிரவு சாப்பிடும்போது காளியாயி கேட்டாள்: "எல்லாத்தையும் பாத்தியே. அவரு போட்டது எப்படி இருந்துச்சு?"

"ஒரு இடத்துலகூடத் தப்பு இல்லம்மா. எங்க கம்பெனிலகூட இவ்ளோ சுத்தமாப் போட மாட்டாங்க."

காளியாயி தலையை ஆட்டினாள். மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் சட்னி விட்டாள். மறுபடி கொஞ்சம் விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் முன்னால் போய்விட்டது. வண்டிவீட்டை டிராக்டரில் கோத்துக்கொண்டு அருள்ராஜ் ஏறி உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில் காளியாயி, முந்தானையை இழுத்துச் செருகியபடி.

"லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்கு?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"இருக்கு. உன் சாமானைக் கட்டத்தான் போட்டேன்."

"நான்தான் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேனே. நீ இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போற?"

தேவதர்ஷினி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல லால்குடி பஸ் நிக்கும். இறங்கிட்டு போன் பண்ணு, வயலுக்கு வழி சொல்றேன்," என்றாள் காளியாயி. "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரு. லேட்டா வந்தா இவனுங்க மிச்சம் வெக்க மாட்டானுங்க."

"சரிம்மா. நீ போ. வந்துடறேன்."

டிராக்டர் கொள்ளிடம் பாலத்துச் சாலையில் திரும்பும்வரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், அட்டைப் பெட்டிகளை மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, இரண்டு சுடிதாரையும் மீட்டரையும் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினாள்.