மஞ்சள் பூசிய எஞ்சின்

பொம்மை ரயில் சேர்க்கும் பொம்பளை ஒருத்தியைத் திண்டுக்கல்லில் நான் இன்னும் பார்க்கவில்லை, என்னைத் தவிர. நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள், கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுக்கிறேன். பகலெல்லாம் தையல் கடை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கூடத்துத் தரையில் தண்டவாளத்தைப் பரப்பிவிடுவேன். எல்லாம் சாவி திருகி ஓடவிடுகிற பழைய தகர ரயில்கள். பழைய இரும்புக் கடைகளிலும் வீடு காலி செய்கிறவர்களிடமும் கேட்டுக் கேட்டு வாங்கியவை. அந்த ‘டிர்ர்ர்’ சத்தம் கேட்டால் போதும், ஜாக்கெட் அளவு சரியில்லை என்று அன்றைக்குச் சண்டை போட்டுவிட்டுப் போனவள்கூட நல்லவளாகத் தெரிவாள்.

ஒரே ஒரு குறை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் லோடு வேன் ஓட்டுகிறார். கன்னிவாடிக் காய்கறி, சிறுமலை வாழைப்பழம் எல்லாம் அவர் வண்டியில்தான் மார்க்கெட்டுக்கு வரும். நான் தண்டவாளத்தை விரித்தால் அதைத் தாண்டிப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார்.

“வாங்களேன், செத்த நேரம் பாத்துட்டுப் போங்களேன்” என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

“நெச வண்டிய நாளெல்லாம் உருட்டிட்டு வாரேன். வீட்டுக்கு வந்தும் வண்டியா?” என்பார்.

ரயில் வளைவில் அழகாகத் திரும்பும்போது “பாத்தீங்களா!” என்று வாய்வரைக்கும் வரும். யாரிடம் சொல்வது? அது எனக்கு நிஜமாகவே வலிக்கும்.

போன வருஷம் கொடைரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் கறுப்பு எஞ்சின் ஒன்று கிடைத்தது. தகரத்திலேயே அச்சடித்த சிவப்புக் கோடு, ஓரத்தில் பொன் நிறப் பூவேலை. அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் எல்லாம் அந்தக் காலத்துப் பூச்சு. இந்தக் கிறுக்கு பிடித்தவர்களுக்கு அந்தப் பூச்சுதான் உசுரு. அழுக்கோடு வைத்திருப்போமே தவிர, அதன் மேல் புதுசாக எதையும் அடிக்க மாட்டோம். ஆனால் அந்த எஞ்சின் ஓடவில்லை. சாவி திருகினால் அசையக்கூட இல்லை. பிரித்தால் கெட்டுவிடுமோ என்று பயந்து, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் சக்கரம் வைத்த எதுவும் அழுக்காக நிற்கக் கூடாது. வண்டியைக் கழுவி, உரிந்த இடத்தில் பெயிண்ட் தொட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கி நகர்த்துவார்கள். நான் காலையிலேயே கடைக்குப் போய்த் தையல் மெஷினுக்குப் பூஜை போட்டு, பக்கத்துக் கடைகளுக்குப் பொரிகடலை கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினேன்.

வாசலில் வேன் பளபளவென்று நின்றது. அதற்கு முன்னால் ஒரு மனைப்பலகை. பலகையில் என் எஞ்சின், மஞ்சள் நிறத்தில்! தின்னரைப் போட்டுத் தேய்த்து, பழைய பூச்சைச் சுத்தமாக எடுத்துவிட்டு, வேன் பம்பருக்கு அடித்த பெயிண்டின் மிச்சத்தை அதற்கும் அடித்திருந்தார். மூக்கில் சந்தனப் பொட்டு வேறு. எதிரே வைத்திருந்த எலுமிச்சம்பழம் அதன் சக்கரத்தைவிடப் பெரிசு. தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

கோபம் வந்தால் எனக்கு மரியாதை மறந்துவிடும்.

“யோவ்! யாரக் கேட்டுய்யா இதத் தொட்ட?”

அவர் கையில் துணியோடு திருதிருவென்று விழித்தார். “எல்லா வண்டிக்கும் பூச போடுறோம். ஒன் வண்டி மட்டும் அழுக்கா பீரோவுல கெடக்கட்டுமாக்கும்? மனசு கேக்கல புள்ள.”

“போச்சுய்யா, அம்புட்டும் போச்சு! இனி இது வெறும் தகரம்!”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

“ஆனா ஓடுது” என்றார் மெதுவாக.

“எது?”

“இதுதான். உள்ள கிரீசு கல்லா எறுகிக் கெடந்துச்சு. மண்ணெண்ணெயில ஊறப்போட்டுக் கழுவி, புது எண்ணெ விட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்த் தண்டவாளத்தைப் பூட்டினேன். அவர் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்துச் சாவியைத் திருகினார். அடேயப்பா, என்ன ஓட்டம்! பூச்சு போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, சிரிப்பு என்னை மீறி வந்தது. முறைப்படி செய்ய வேண்டும் என்று அவர் எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வைக்க, எஞ்சின் முட்டிக் கவிழ்ந்து சக்கரம் மேலே தெரியச் சுழன்றது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு அவர் எழுந்தார். சரி, இனி இவர் பாட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக அலமாரிக்குப் போனார். அங்கிருந்த ரயில்களில் ஒரு பச்சைப் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

“இதுல பின்சக்கரம் ஒண்ணு ஆடுது. வளைவு வந்தாலே தட்டுது. சரி பண்ணட்டா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீ ஓட்டுறப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அதை அவரிடம் காட்டிக்கொள்வேனா?

“மொதல்ல அந்தப் பெயிண்ட் டப்பாவத் தெருவுல வச்சிட்டு வாங்க” என்றேன். “அப்பறம் வந்து இப்பிடி உக்காருங்க.”