கூடை இல்லாத தேனீ

தாம்பரத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவள் நான். புதிதாக லேபுக்கு வருகிற ஆசிரியர்களுக்கு ஒரு பிராக்டிகல் எக்ஸாம் பற்றிச் சொல்லவேண்டும். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேஜையில் பார்த்து எழுதுவதற்கு இரண்டு ஸ்பாட்டர். ஒன்று, எங்கள் வளாகத்திலேயே பிடித்து ஊசியில் குத்திய குயில் தேனீ. வேறு தேனீயின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்; அங்கே சேர்த்துவைத்த மகரந்தத்தை இதன் புழு தின்று வளரும். இன்னொன்று இலைவெட்டி எறும்பு. நம்ம ஊரில் கிடையாது, அதனால் சார்ட். இலையை நறுக்கிவந்து, அதில் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடுகிற ஜாதி. இரண்டையும் ஒப்பிடவேண்டும்.

பம்மலிலிருந்து வரும் ஜெனிபர் இரண்டு மார்க்கில் ஃபெயில். அரியர் விழுந்தால் பி.எட். சீட் போச்சு. பேப்பரை வாங்கிப் பார்த்தேன். ‘எறும்பு தானே பயிர் செய்கிறது. இந்தத் தேனீ மகரந்தம் சேர்ப்பதில்லை. பின்காலில் மகரந்தக் கூடை இல்லை’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் முட்டை.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மேல் பாய்ந்தேன். “சார், லென்ஸ வச்சுப் பாத்தீங்களா இல்லையா? அடுத்தவ சேத்தத திங்கறதுக்குக் கூடை எதுக்கு சார்?”

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “ஆன்சர் கீயில ‘கூடை உண்டு’ன்னு இருக்கு மேடம். கீய மீறி நான் எப்படி மார்க் போடறது?”

“எந்த முட்டாள் எழுதின கீ அது?”

திருப்பிக் காட்டினார். அடியில் என் கையெழுத்து.

சாதாரணத் தேனீயின் கீயை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, வருஷா வருஷம் ஓட்டியிருக்கிறேன். ரெக்கார்ட் நோட்டிலும் அதையே எழுதவைத்திருக்கிறேன். ச்சே! லென்ஸ் என் டிராயரிலேயே கிடந்தது.

கீயை அடித்துத் திருத்தினேன். ஜெனிபர் பாஸ். என்னை நம்பி ‘உண்டு’ என்று எழுதினவர்களின் மார்க்கைப் பிடுங்க மனசு வரவில்லை, விட்டுவிட்டோம்.

மறுநாள் ஜெனிபர் வந்தாள். தேங்க்ஸ் சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னாள். அப்புறம் தயங்கினாள்.

“ரெக்கார்டுல நானும் ‘உண்டு’ன்னுதான் மேடம் எழுதியிருந்தேன். எக்ஸாம்ல பாத்தா இல்ல. பாத்தத எழுதறதா, நீங்க சொன்னத எழுதறதான்னு பேனாவப் புடிச்சிக்கினு அப்படியே உக்காந்துட்டேன். கடைசிக் கேள்விக்கு நேரமே இல்லாம போச்சு.”

 கீ எழுத உட்காருகிறவர்களே, முதலில் பூச்சியைப் பாருங்கள். அப்புறம் கையெழுத்துப் போடலாம்.