கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள்

ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். உண்மையில் ஐந்தாம் வகுப்பு வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்; படித்தது பக்கத்தில் இருந்தவர்கள். போனில் எழுத்துக் கூட்டி ஒரு வரி தட்டுவதற்குள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஓட்டோவில் ஒரு ஹயர் போய்த் திரும்பி வந்துவிடலாம். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். சில இடங்களில் பேனையை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள்.

அதனால் எங்கள் ஓட்டோ ஸ்டாண்ட் குரூப்பில் நான் எழுதுவதில்லை, வொய்ஸ் போடுவேன். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து ஒரு நிமிடம் பேசினால் போதும், சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்து விழும். முதலில் ஓட்டோக்காரர்கள் மட்டும்தான் இருந்தோம். பிறகு அவர்களுடைய சொந்தக்காரர்கள், சந்தைக்காரர்கள், வத்தேகம, தெல்தெனிய ஆட்கள் என்று குரூப் பெருத்துவிட்டது. பாதிப் பேர் என் வொய்ஸைக் கேட்கத்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்புக்கு வரி கட்ட வேண்டியதில்லையே.

ஸ்டாண்டில் எனக்கு அடுத்த ஓட்டோ என் கூட்டாளியுடையது. இருபது வருடமாக என் பின்னால் நிற்கிறான். அவனுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன்.

கிளினிக் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரத்தம் எடுக்கிற நாளுக்கு முந்திய மூன்று நாளும் சோறு கிடையாது, சீனி போட்ட தேத்தண்ணி கிடையாது. குரக்கன் ரொட்டி, புடலங்காய், பச்சைத் தண்ணி. சீனி கூடியிருந்தால் எல்லாருக்கும் முன்னால் டொக்டரம்மா சிங்களத்தில் ஏசுவாள்; அந்த ஏச்சுக்குப் பயந்து மனுசன் மூன்று நாள் சாமியாராகிவிடுவான். ஏச்சு வாங்காமல் வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு எதிர்க் கடையில் இரண்டு ரோல்ஸும் இனிப்பாக ஒரு பால்தேத்தண்ணியும். அந்தக் கடையில் நானும் கூடவே உட்கார்ந்து தின்றிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஒருநாள் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர், வெறும் வயிற்றில் ஐந்து தெபு இலை மென்றால் சீனி ஓடிவிடும், ஆஸ்பத்திரியில் தருகிற குளிசைதான் கிட்னியைத் தின்கிறது, தூக்கி எறியுங்கள் என்றார். தெபு இந்தப் பக்கத்துச் சந்தைகளில் கட்டுக் கட்டாக விற்கிற கீரைதான். சம்பல் போட்டுத் தின்போம். பாலத்துக்குப் பக்கத்துப் பார்மசியில் வேலை செய்கிற பிள்ளையும் குரூப்பில் இருந்தது. அது நீளமாக எழுதியது. மகள் வாசித்துக் காட்டினாள்: இலையைச் சாப்பிடுவதில் குறையில்லை, ஆனால் குளிசையை நிறுத்தாதீர்கள், வெள்ளைக் கோட்டு யாரும் வாங்கிப் போடலாம்.

நானும் கூட்டாளியும் இதைப் பரிசோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். விஞ்ஞானிகள் இரண்டு பேர், ஓட்டோ ஸ்டாண்டில். பத்து நாள் அவன் தெபு மென்றான். குளிசையும் போட்டான். கடைசி மூன்று நாள் வழக்கம்போலப் புடலங்காய். பதினோராம் நாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். அவன் கிளினிக் கொப்பியில் அதுவரை அவ்வளவு குறைந்த இலக்கம் விழுந்ததே இல்லை. ரோல்ஸ் கடையில் இருந்தபடியே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டு, வெள்ளைக் கோட்டுக்காரருக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு வொய்ஸும் போட்டேன்.

பார்மசிப் பிள்ளை மூன்று கேள்வி கேட்டது. குளிசையை நிறுத்திவிட்டா பார்த்தீர்கள்? அதற்கு முந்திய மூன்று நாளும் என்ன சாப்பிட்டார்? மூன்று மாதச் சீனியைக் காட்டுகிற இன்னொரு டெஸ்ட் இருக்கிறதே, அதை எடுத்தாரா?

மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"தங்கச்சி, குளிசை விக்கிற கடையில வந்து குளிசை வேணுமான்னு கேட்டா, வேணாம்னா சொல்லப்போறீங்க? ராக்கையில இருந்து டப்பா எடுத்துக் குடுக்கிற கையி எப்ப தங்கச்சி நாடி புடிக்கப் படிச்சிச்சி?"

சிரிக்கிற மூஞ்சிகள் போன் திரையை மூடிவிட்டன. அந்த வொய்ஸை எத்தனை பேர் வேறு குரூப்புகளுக்கு அனுப்பினார்களோ தெரியாது. பின்னேரம் அந்தப் பிள்ளை குரூப்பை விட்டுப் போய்விட்டது. அன்றைக்கு நான் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்குப் போனேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. பெரியாட்களின் பகிடி சின்னப் பிள்ளைக்கு எங்கே விளங்கும் என்று அதையும் அலட்சியமாக விட்டேன்.

அதற்குப் பிறகு கூட்டாளி குளிசையை நிறுத்திவிட்டான். கிளினிக்கில் குளிசை போட்டுக் கொடுத்த கடதாசி உறைகள் அவனுடைய ஓட்டோவின் முன்பெட்டியில் உடைக்காமலே கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "கிட்னிக்கு லீவு குடுத்திட்டியா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த கிளினிக்குக்கும் அதற்கடுத்ததற்கும் அவன் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவன். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்தது. அது பெருவிரலை அறுத்தது அவனுக்கே தெரியவில்லை. சீனி கூடிக் காலில் உணர்ச்சி செத்துப் போயிருந்தது. கால்மிதியில் ஊறிக் கிடந்த இரத்தத்தை அவன் மனைவிதான் கண்டாள். ஒரு கிழமை மஞ்சள் பூசிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தபோது புண் கறுத்துவிட்டிருந்தது. வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். மீதிக் காலை வைத்துக்கொள்ளலாமா என்பது இனிமேல்தான் தெரியும் என்றார்கள்.

வாட்டுக்குப் போகும்போது வழி முழுக்க ஒரு பகிடி தேடினேன். என்னிடம் இருக்கிறது அது ஒன்றுதானே. கட்டுப்போட்ட காலைப் பார்த்தேன். அவன்தான் முதலில் பேசினான்.

"மூஞ்சிய ஏன்டா அப்பிடி வச்சிருக்க? காலு எனக்குத்தான போச்சி."

"என்னாலதான்டா," என்றேன்.

அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்கு அந்தக் குளிசையக் கண்டாலே புடிக்காது. எப்படா விடுறதுன்னு இருந்தேன். நீ ஒரு சாக்குக் குடுத்த, அவ்வளவுதான்."

என் மனதை ஆற்றத்தான் சொன்னான். எனக்கு அது ஆறவில்லை. சாக்கு என்று அவன் சொன்னது சரிதான். அதை நல்லா இனிப்புப் போட்டுக் கொடுத்தது நான்.

புண் கட்டுகிற துணி வாங்கி வரச் சொல்லி அவன் மனைவி சீட்டுக் கொடுத்தாள். எத்தனையோ பார்மசி இருந்தும் பாலத்தடிக்கே போனேன். அந்தப் பிள்ளை சீட்டை வாசித்து, சாமானை எடுத்து வைத்து, யாருக்கு என்று மட்டும் கேட்டது. சொன்னேன். கிளினிக் கொப்பிக்காரன் என்றும் சொன்னேன். அதன் கை ராக்கையிலேயே நின்றது.

"தங்கச்சி, நான் அன்னைக்கி பேசினது..."

"அது பரவால்ல அண்ணன்," என்றது. "நான் கேட்டது எனக்காகவா? இப்ப என்கிட்ட சொல்லி என்ன. கேட்டுச் சிரிச்ச ஆக்கள்கிட்ட சொல்லுங்க."

பார்மசி வாசலிலேயே ஓட்டோவில் உட்கார்ந்து வொய்ஸ் போட்டேன். ஜோடனை எதுவும் வைக்கவில்லை. அவன் குளிசை போட்டுக்கொண்டுதான் இலை தின்றான், மூன்று நாள் சோறு தின்னவில்லை, அந்த இலக்கம் பொய், இப்போது இரண்டு விரல் இல்லை, தயவு செய்து யாரும் குளிசையை விடாதீர்கள் என்றேன். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

சிரிக்கிற மூஞ்சிகள் வந்து விழுந்தன. அழுகிற மாதிரி நல்லாச் செய்கிறாய், மச்சான் என்று ஒருத்தன் வொய்ஸ் போட்டான். இன்னொரு வொய்ஸ் போட்டேன். அதற்கு இன்னும் கூடச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் காலை தெல்தெனியவிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். யாரென்று எனக்குத் தெரியாது. அவள் புருசன் என் முதல் வொய்ஸைக் கேட்டு இரண்டு மாதமாகக் குளிசை போடுவதில்லையாம். புதிதாக வந்ததைப் போட்டுக் காட்டினாளாம். விழுந்து விழுந்து சிரித்தானாம்.

"அண்ணே, இது நெசமா, வெளாட்டா?"

"நெசம்மா."

"மொதல்ல சொன்னது?"

அவள் வீட்டுக்கு வழி கேட்டேன். கூட்டாளியின் காலைப் போனில் காட்டினால் அதையும் பகிடி என்பார்கள். அவள் புருசனுக்கு நேரில் காட்ட, கூட்டாளியின் மனைவியிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியையும், உடைக்காத அந்த உறைகளையும் வாங்கி முன்பெட்டியில் வைத்துக்கொண்டு, தெல்தெனியவுக்கு, விக்டோரியாப் பக்கம் ஓட்டோவைத் திருப்பினேன்.